சரிபார்க்கிறவள்

நல்லவேளை ஐயா, செக்யூரிட்டி உங்களை நேரா என்கிட்ட அனுப்பிட்டான். இந்த நிறுவனத்துல தமிழ் பேசறவங்க ரெண்டே பேருதான். ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க விசாரிக்க வந்திருக்கற ஜெபின். அவன் இப்ப லடாக்ல, மலை மேல டெலஸ்கோப் ட்யூட்டியில இருக்கான். அது தெரிஞ்சுதானே வந்தீங்க? அதுவும் சரிதான். பையன் இல்லாதப்ப விசாரிச்சாத்தான் உள்ளது வெளிய வரும். எங்க சித்தப்பா ஒருத்தர், மாப்பிள்ளை வேலை செய்யற துணிக்கடைக்கே போய், வேட்டி எடுக்கற மாதிரி நின்னு விசாரிச்சிட்டு வந்தாரு. சம்பந்தம் அமையல. வேட்டி மட்டும் வந்துச்சு.

உட்காருங்க. இந்த பெஞ்சு ஆடும், சுவர் பக்கமா வாங்க. டீ சொல்லியிருக்கேன். மும்பையில டீன்னா சர்க்கரையைக் கொட்டித்தான் கொடுப்பாங்க, கம்மியாப் போடச் சொல்லியிருக்கேன்.

நீங்க சொன்னதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பார்த்துக்கறேன். உங்க பேரு ஞானசிகாமணி. தக்கலையில ஹார்டுவேர் கடை. பொண்ணு உங்க அக்கா மக, நர்சிங் காலேஜ்ல சொல்லிக்கொடுக்குது. ஜாதகம் எல்லாம் உங்க பக்கம் பார்க்கறதில்ல. அதுக்குப் பதிலா தாய்மாமன் நேர்ல போய் பையனைப் பத்திக் கேட்டுட்டு வரணும்னு அக்கா அனுப்பியிருக்காங்க. நீங்க போய் சரின்னு சொன்னா நிச்சயம். வேண்டாம்னா விட்டுடுவாங்க. அப்படித்தானே? அப்ப நான் ஜாக்கிரதையா பேசணும். ஒரு பொண்ணோட வாழ்க்கை. இருக்கறதை இருக்கற மாதிரி சொல்றேன். கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் அப்படித்தான். இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

என் பேரு மாதேஸ்வரி. தர்மபுரி மாவட்டம், பென்னாகரத்துக்கு உள்ள போகணும். அப்பா போர்வெல் லாரியில வேலை. அம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறாங்க. எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். இதை எதுக்குச் சொல்றேன்னா, ஜெபினுக்கு அப்படி இல்ல. அவங்க அப்பா காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார், உங்களுக்கே தெரியும். எட்டாம் வகுப்பு படிக்கறப்பவே வீட்டு மொட்டை மாடியில டெலஸ்கோப் இருந்துச்சாம். சனியோட வளையத்தை அப்பவே பார்த்துட்டானாம். நான் சனியைக் கோயில்ல நவகிரகத்துலதான் பார்த்தேன். இதை அவன்கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிக்கறதுக்கா சொன்னேன்?

இல்லைங்க, குடிக்க மாட்டான். உண்மையைச் சொல்லணும்னா போன புத்தாண்டுக்கு ஒரு பீர் கையில வெச்சிருந்தான். பாதி அப்படியே இருந்துச்சு. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கடைசியில அதைத் தொட்டிச் செடிக்கு ஊத்திட்டான். சிகரெட் கிடையாது. பொண்ணுங்க விஷயத்துலயும் ஒண்ணும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ராத்திரி சாப்பிட்டதும் அம்மாகூட பேசுவான், அப்புறம் தங்கச்சிகூட. மாடிப்படி கிட்ட நின்னுதான் பேசுவான். வேற யார்கூடயும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்ல.

குணமா? அதுக்குத்தான் வர்றேன். குணத்தைப் பத்திச் சொல்லணும்னா எங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இல்லன்னா புரியாது. சுருக்கமா சொல்றேன்.

வானத்துல சில நட்சத்திரங்க ஜோடி ஜோடியா இருக்கும். நாங்க பார்த்துக்கிட்டு இருக்கறதும் அந்த மாதிரி ஒண்ணு. அதுல ஒண்ணு பெரிசு, நீலமா கொதிச்சிக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு தக்கலை அளவுக்குச் சுருங்கிப்போனது, ஆனா கனம் நம்ம சூரியனை விட அதிகம். சின்னது பெரிசைச் சுத்தி வருது. பாதை வட்டம் இல்ல, முட்டை மாதிரி. அதனால ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவை ரொம்பக் கிட்ட வந்துடும். அப்ப பெரிசு மேலேர்ந்து வீசற காத்துல சின்னது போய் மோதும். மோதற இடத்துல காமா கதிர் பிறக்கும். அதுவும் ஒரு வெளிச்சம்தான், ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தை விட லட்சம் கோடி மடங்கு சக்தி.

புருசன் பெண்டாட்டி மாதிரிதான்ங்கறீங்களா? கிட்ட வந்தாத்தான் மோதல். நல்லாத்தான் இருக்கு. ஜெபினும் இதையேதான் பள்ளிக்கூடப் பசங்க வந்தப்ப சொன்னான். அவனுக்கு அந்த மாதிரி பேச்சு சுலபமா வரும். எனக்கு வராது. ஒரு கருத்தரங்குல ஒரு கேள்வி கேட்கணும்னா நான் முந்தின நாளே இங்கிலீஷ்ல எழுதி, குளியலறையில சொல்லிப் பார்த்துட்டுப் போவேன். அதுக்குள்ள அந்தக் கேள்வியை அவன் கேட்டுடுவான். கையைக்கூட தூக்க மாட்டான். கால் மேல கால் போட்டுக்கிட்டு அப்படியே கேட்டுடுவான். எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. என்னோட கேள்வி அது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காமா கதிர் தரைக்கு வந்து சேராது. மேல காத்துல மோதி உடைஞ்சு துகளா இறங்கும். இறங்கறப்ப, கண்ணைச் சிமிட்டற நேரத்துல கோடியில ஒரு பங்கு நேரத்துக்கு, நீலமா ஒரு மினுக்கு மினுக்கும். அந்த மினுக்கைத்தான் மலை மேல பெரிய கண்ணாடி வெச்சுப் பிடிக்கறோம். அதுக்கு வானம் கும்மிருட்டா இருக்கணும். நிலா இருந்தா கெட்டுச்சு. நிலா வெளிச்சத்துலயே ஆயிரம் பொய் மினுக்கு வந்துடும். இதை மட்டும் நினைப்புல வெச்சுக்கோங்க.

அடுத்தது எங்க வழக்கம். எங்க குழுவுல எந்த முடிவையும் ஒருத்தர் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. ஒரே தரவை ரெண்டு பேர்கிட்ட கொடுப்பாங்க. ஒருத்தர் முதல் ஆய்வாளர். இன்னொருத்தர் சரிபார்க்கறவர். ரெண்டு பேரும் தனித்தனியா கணக்குப் போடணும். முடியற வரைக்கும் ஒருத்தர் முடிவை ஒருத்தர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. கடைசியில எல்லார் முன்னாலயும் ரெண்டு பேரோட கணக்குல வந்த வரைபடத்தையும் ஒண்ணா திறப்பாங்க. ஒத்துப்போனாத்தான் கட்டுரை. நீங்க வந்திருக்கற வேலையும் அதேதான் ஐயா. பையன் வீட்டுல சொன்னது ஒண்ணு, நீங்க தனியா வந்து பார்க்கறது ஒண்ணு. ஒத்துப்போகுதான்னு பார்க்கறீங்க.

ஆனா ஒரு வித்தியாசம். கட்டுரையில முதல் ஆய்வாளர் பேருதான் முன்னால நிக்கும். உலகமே அந்தப் பேரைச் சொல்லித்தான் அந்த வேலையைக் குறிப்பிடும். சரிபார்க்கறவ பேரு அகர வரிசையில, மலை மேல கண்ணாடி துடைச்சவங்க வரைக்கும் இருக்கற கூட்டத்துல, எங்கயோ கிடக்கும்.

போன வருஷம் மழை முடிஞ்சதும் எங்க சப்னிஸ் மேடம் கூப்பிட்டாங்க. எங்களுக்கு வழிகாட்டி அவங்கதான். நான் முன்னாடியே போய் நின்னேன். எனக்கு அந்த நட்சத்திரம் வேணும்னு எப்படிச் சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணியிருந்தேன். மேடம் சொன்னாங்க, "ஜெபின் முதல், மாதேஸ்வரி சரிபார்ப்பு. மாதேஸ்வரி ரொம்ப கவனமானவ, அதனால." கவனமா இருந்ததுக்கு எனக்குக் கிடைச்ச பரிசு அது. கவனமில்லாதவன் முதல், கவனமானவ ரெண்டாவது. நான் சரின்னுட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்ல முடியும்?

அந்தப் பருவம் முழுக்க, குளிர் காலம் முழுக்க, நாங்க அந்த நட்சத்திரத்தைப் பத்திப் பேசிக்கவே இல்ல. ஒரே அறை, முதுகுக்கு முதுகு நாற்காலி. "எம்மா மாதேஸ், நமக்கு ரெண்டு பேருக்கும் மௌன விரதம், கேட்டியா"ன்னு சொல்லி வாயில விரலை வெச்சுக்கிட்டான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

ஆனா எனக்கு அவன் கணக்கு எப்படிப் போகுதுன்னு தெரியாம இருக்க முடியல. கேட்கக் கூடாது, சரி. பார்க்கறதுக்கு யாரும் தடை போடலையே. நான் பார்த்தேன். கணக்கு நல்லா வந்த அன்னைக்கு நாலு சப்பாத்தி சாப்பிடுவான், பருப்பை ஊத்திக் குழைச்சு. சரியில்லாத அன்னைக்கு ரெண்டோட எழுந்துடுவான், டீயை சர்க்கரை இல்லாம குடிப்பான். செருப்புச் சத்தத்துல கூடத் தெரியும். நல்ல நாள்ல சரட் சரட்டுன்னு தேய்ச்சுக்கிட்டு வருவான். மோசமான நாள்ல சத்தமே இருக்காது, திடீர்னு நாற்காலி மட்டும் கிறீச்சுனு சொல்லும். காலையில அவன் முகத்தைப் பார்த்தாத்தான் எனக்கு அன்னைய வேலையே ஓடும். அவன் சந்தோஷமா இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. ஊருக்குப் போன் பண்ணா அம்மா, "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு"ம்பாங்க.

எழுதாம கேட்கறீங்களே, ஞாபகம் இருக்குமா? சரி சரி.

இல்ல, அவன் கெட்டவன்னு நான் சொல்லவே இல்ல. ஊருக்குப் போயிட்டு வந்தா நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டு வருவான். அறையில எல்லாருக்கும் பொதுவா ஒரு பொட்டலம். எனக்கு மட்டும் தனியா ஒண்ணு, "தமிழ்நாட்டு ஒதுக்கீடு"ன்னு எழுதி. இது தேவையா? நான் கேட்டேனா? முதல் தடவை மலைக்குப் போனப்ப எனக்கு மூச்சு முட்டிடுச்சு. அங்க காத்து கம்மி. ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவன் அவன்தான். ராத்திரி ட்யூட்டியும் எனக்குப் பதிலா அவனே பார்த்தான். பார்த்ததோட விட்டானா? காலையில மேடம்கிட்ட, "மாதேஸ் சொல்லிக்கொடுத்துட்டுப் போனதாலதான் சமாளிச்சேன்"னான். நான் ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கல. என்னால ஆகாததை அவன் செஞ்சான்னு நேரா சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

வர்றேன், முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன். நடுவுல ஒரு நாள் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. அவனோட நாலு சப்பாத்தி நாள் எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருது. எனக்கு அப்ப வேலையே இருக்காது. நிலா இருக்கற ராத்திரித் தரவை நான் தொடறதில்ல. கும்மிருட்டுத் தரவு மட்டும்தான். அதனால என் படத்துல புள்ளிகள் குறைவு, நட்சத்திரம் கிட்ட வர்றப்ப மட்டும் லேசா ஒரு மேடு. அவன் நிலா வெளிச்சத் தரவையும் சேர்த்துக்கிட்டு இருக்கான்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. சேர்க்கக்கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா சேர்த்தா அதுக்குத் தனியா திருத்தம் போடணும். அவன் போடலன்னு அவன் முகமே சொல்லிச்சு. அவ்வளவு சந்தோஷம் அந்த நட்சத்திரத்துக்கு வராதுங்க. அது மங்கலான நட்சத்திரம்.

ஐயா, எங்க ஜோடி நட்சத்திரம் ஒரு சுத்து வர கிட்டத்தட்ட இருபத்தேழு நாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொம்பதரை. பக்கத்துப் பக்கத்து எண். அசந்தா ஒண்ணை இன்னொண்ணுன்னு நினைச்சுடலாம். எங்க ஆளுங்க மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவன் நட்சத்திரத்தைப் பிடிச்சிட்டோம்னு நினைச்சுக்கிட்டு மாசா மாசம் நிலாவைப் பிடிச்சிக்கிட்டு இருந்தான்.

அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னா? எப்படிங்க சொல்றது? வழக்கம்னு ஒண்ணு இருக்கே. பேசக்கூடாதுன்னா பேசக்கூடாதுதான். தரவுல சந்தேகம் இருந்தா பொதுவா எழுதிக் கேட்கலாம், அதுக்கு அனுமதி உண்டுன்னு மேடம் பின்னால சொன்னாங்க. உண்டுதான். ஆனா எனக்கு வந்தது தரவைப் பத்தின சந்தேகமா, அவன் முடிவைப் பத்தின சந்தேகமா? ரெண்டுங்கெட்டான். அந்த மாதிரி இடத்துல வாயை மூடிக்கிட்டு இருக்கறதுதான் நேர்மை. அப்படித்தான் நான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். அந்த வாரமெல்லாம் எனக்கு நல்லாப் பசிச்சுது. நானும் நாலு சப்பாத்தி சாப்பிட்டேன்.

படத்தைத் திறக்கற நாள் வந்துச்சு. வெளிநாட்டுலேர்ந்தும் ஆளுங்க கணினியில சேர்ந்திருந்தாங்க. அவன் படம் திரையில வந்ததும் எல்லாரும் ஆஹான்னாங்க. அலை அலையா, அவ்வளவு அழகா இருந்துச்சு. அடுத்து என்னோடது. சுமாரா, ஏழை வீட்டுப் பொண்ணு மாதிரி ஒரு ஓரமா. ரெண்டும் ஒத்துப்போகல. மேடம் என்னைத்தான் பார்த்தாங்க. தப்பு என் பக்கம்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. நான் எழுந்து, இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "அவர் படத்தில் மேடு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டரை நாள் தள்ளிப் போகிறது. நட்சத்திரம் தள்ளிப் போகாது. இது நிலா."

நான் அவனைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன்னு வெச்சுக்கோங்களேன். அவன் முகம் விழணும் இல்லையா? விழுந்துச்சு. ஒரு கண நேரம். அப்புறம் தலையில அடிச்சிக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சிட்டான். "குளிர் காலம் முழுக்க நிலாச்சோறு சாப்பிட்டிருக்கேன்"னு சொல்லி அதை இங்கிலீஷ்ல வேற விளக்கினான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம், "மாதேஸ்வரி இல்லன்னா நான் நிலாவை அச்சுல ஏத்தியிருப்பேன்"னு சொல்லிக் கை தட்டினான். எல்லாரும் தட்டினாங்க. யாருக்குத் தட்டினாங்கன்னு நினைக்கறீங்க? அவனுக்கு. தப்பை எவ்வளவு அழகா ஒத்துக்கறான் பாருன்னு. வெளிய வந்ததும் மேடம் அவன் தோளைத் தட்டிட்டுப் போனாங்க. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாங்க.

அவன் கும்மிருட்டுத் தரவை மட்டும் வெச்சு மறுபடியும் போட்டான். என்னோடதோட அச்சு அசலா ஒத்துப்போச்சு. அந்த ஜோடியிலேர்ந்து இவ்வளவு சக்தியுள்ள கதிர் வர்றதை முதல் தடவையா பார்த்தது நாங்கதான். கட்டுரையில முதல் பேரு அவனோடது. "மாதேஸ் பேரு முதல்ல வரட்டும், அதுதான் முறை"ன்னு மேடம்கிட்ட போய்ச் சொன்னான். நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். வழக்கத்தை மாத்த முடியாதுன்னுட்டாங்க. ரெண்டு தடவை கேட்டான். ரெண்டாவது தடவை சத்தமாவே கேட்டான், மேடம்கிட்ட யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. தூக்கிக் கொடுக்க வந்துட்டான். இருக்கறவன்தானே கொடுக்க முடியும்? அதுலேர்ந்து அவன்கூட நான் சரியாப் பேசறதில்ல. அவன் தினமும் வந்து, "என்ன பிள்ளே, இன்னும் அமாவாசையா?"ன்னு கேட்டுட்டுப் போவான்.

அவ்வளவுதான் ஐயா. உள்ளதைச் சொல்லிட்டேன். நீங்களே எடை போட்டுக்கோங்க. ஆளு அவசரக்காரன். தன் தப்பு தனக்குத் தெரியாது. எதையும் சிரிச்சே மழுப்பிடுவான். இதெல்லாம் ஒரு குடும்பத்துக்கு ஒத்து வருமான்னு எனக்குத் தெரியல.

ஏன் எழுந்துட்டீங்க? டீ அப்படியே இருக்கே.

கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சா? சரி. அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேட்கக்கூடாது. இருந்தாலும்...

பையன் தங்கம்னு சொல்லுவீங்களா? நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டா? என்ன, ஆனாலும் சம்பந்தம் வேண்டாம்னும் சொல்லுவீங்களா? தங்கம்னா அப்புறம் எதுக்கு வேண்டாம்?

புரியல. இங்க ஒரு பிள்ளை அவன் நினைப்பாவே கிடக்கு, அதைத் தாண்டி எங்க பிள்ளையைக் கொண்டுவந்து விட மாட்டோம்னா... யாருங்க அந்தப் பிள்ளை?

நானா?

இல்லைங்க. இல்ல ஐயா, நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. அந்த மாதிரி எதுவும் கிடையாது. சத்தியமா கிடையாது. அவனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

"பொறவு அவன் எத்தனை சப்பாத்தி தின்னான்னு உனக்கு என்னத்துக்கு மக்கா"ன்னா நான் என்ன சொல்றது? அது வேற. செருப்புச் சத்தமும் வேறதான். வேற காரணம். சாப்பாடு இறங்காம இருந்ததும் அதனாலதான். அதுக்கு ஒரு பேரு இருக்கு ஐயா. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா நீங்க இப்பவே அக்காவுக்குப் போன் பண்ணி சரின்னு சொல்லிடுவீங்க. தெரியுது எனக்கு. ஆனா அதை எப்படி... நீங்க நினைக்கற இதை விட அது கேவலமா இருக்கும். இதுலயாவது நீங்க என்னைப் பாவம்னு பார்க்கறீங்க.

என் தலையில எல்லாம் கை வைக்காதீங்க. அழல. தூசி.

பாருங்க, விசாரிச்சது நீங்க. முடிவு உங்களோடது. நான் இருந்ததை இருந்த மாதிரிதான் சொன்னேன், ஒரு பொய் கலக்கல. அதுலேர்ந்து நீங்களா ஒரு முடிவுக்கு வந்திருக்கீங்க. இப்ப நான் குறுக்கே புகுந்து எதையாவது சொன்னா உங்க முடிவை நான் திருப்பின மாதிரி ஆயிடும். அது முறையில்ல. ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் பார்க்கணும்.

வாங்க, கேட் வரைக்கும் வர்றேன். குர்லா ஸ்டேஷன்தானே? ஆட்டோ மீட்டர் போட்டுத்தான் போகும், நானே ஹிந்தியில சொல்லி ஏத்தி விடறேன். அந்தப் பை என்ன, ஒத்துப்போனா அவனுக்குன்னு விட்டுட்டுப் போகக் கொண்டுவந்ததா? உங்க ஊர் முந்திரிக்கொத்துப் பலகாரமா? திரும்ப எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க, சரி, என்கிட்டயே கொடுங்க. இல்ல, அவன்கிட்ட கொடுக்க மாட்டேன். கொடுத்தா எங்கேர்ந்துன்னு கேட்பான்.

அடுத்த வாரம் இறங்கி வந்துடுவான். நீங்க வந்தது, கேட்டது, போனது எதுவும் அவனுக்குத் தெரியப்போறதில்ல. சம்பந்தம் கொண்டுவந்த தரகர் ஏதாவது ஒரு காரணம் சொல்லுவாரு, கொஞ்ச நாள் ரெண்டு சப்பாத்தியோட எழுந்துடுவான், அப்புறம் சரியாயிடுவான். என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய வராது ஐயா. அந்த விஷயத்துல நீங்க என்னை முழுசா நம்பலாம்.